முதலில் யாரை எடுப்பது?

அமெரிக்கர்களிடம் ஒரு ஃபுட்பால் இருக்கிறது. பெயர்தான் ஃபுட்பால், பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். அந்த ஆட்டம் புரியாவிட்டால் பாதகமில்லை. வருஷா வருஷம் ஏப்ரல் வாக்கில் அவர்கள் ஆடும் இன்னொரு ஆட்டம் நமக்கு நன்றாகவே புரியும். கல்லூரியில் ஆடிவிட்டு வரும் பையன்களை 32 அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்ளும். டிராஃப்ட் என்று பெயர். போன வருஷம் கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை. கோப்பை வாங்கிய அணிக்குக் கடைசி முறை. 'முதலில் யாரை எடுப்பது?' என்று மாதக்கணக்கில் டீவியில் சண்டை போடுகிறார்கள்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் சொந்தக்காரர். காசுள்ள அணிகளே நல்ல பையன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து நொந்துபோய் 1935-ல் யோசனையைச் சொன்னார். 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட். கடைசியில் வந்திருந்தது அவருடைய அணிதான். எனவே முதல் ஆள் அவருக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார். மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று விருது வாங்கியவர். விவாதமே தேவைப்படாத தேர்வு.

பெர்வாங்கர் கேட்ட சம்பளம் பெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவரை எடுக்கும் உரிமையை சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்தார். அவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. பெர்வாங்கர் ஒரு ஃபோம் ரப்பர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆக, முதலில் யாரை எடுப்பது என்ற கேள்வியின் சரித்திரமே இப்படி ஒரு வெட்டி வேலையில்தான் ஆரம்பிக்கிறது.

நம்மிடம் கல்லூரி டிராஃப்ட் கிடையாது, ஏலம் இருக்கிறது. சண்டை ஒன்றுதான். பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய பேக்கரிகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. ஷிஃப்ட் முடிந்தவர்கள், கல்லூரிப் பையன்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். 2025 டிசம்பர் ஐ.பி.எல். ஏலம் முடிந்த கையோடு அங்கே காதில் விழுந்தது இது. சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு சின்னப் பையன்களை எடுத்திருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20, இடது கை ஸ்பின் போட்டு அடித்தும் ஆடுவார். ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19, விக்கெட் கீப்பர். இருவருமே இந்தியாவுக்கு ஆடாதவர்கள். ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம். ஆரம்ப விலை 30 லட்சம்தான்.

"ஏனுங்ணா, ரெண்டு பேருக்கும் ஒரே வெல. இதுல யார மொதல்ல எறக்கோணும்?"

"கீப்பர் பையனத்தான் தம்பி. தோனிக்கப்புறம் ஆள் வேணுமில்ல."

"அதுக்குத்தான் சஞ்சுவ வாங்கியாச்சுங்களே. ஜடேஜா போயிட்டாருங்ணா. எந்த எடத்துல ஓட்டையோ அந்த எடத்தத்தானுங்க மொதல்ல அடைக்கோணும்?"

பெரியவர் யோசித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார். தம்பி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. டீவியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறவர்கள் சொல்வதும் இதேதான். ஒரு கட்சி 'இருப்பதிலேயே கெட்டிக்காரனை எடு' என்கிறது. இன்னொரு கட்சி 'உனக்கு எது இல்லையோ அதை எடு' என்கிறது. உலகம் முழுக்க இந்த இரண்டு கட்சிகள்தான்.

இந்த இரண்டாம் கட்சியின் பேச்சைக் கேட்டு நடந்த அணி ஒன்று உண்டு. கதையைச் சற்று விவரமாகவே பார்க்கலாம்.

2008 மார்ச் 2-ம் தேதி கோலாலம்பூரில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. ஐ.பி.எல்.லின் முதல் சீசன் அடுத்த மாதம். பெரிய ஆட்டக்காரர்களின் ஏலம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. இந்தப் பையன்களை ஏலம் விடாமல், விலையை முன்பே நிர்ணயித்து, அணிகள் முறை வைத்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அமெரிக்க டிராஃப்ட்டுக்கு நம் கிரிக்கெட் மிக நெருங்கிப் போன சந்தர்ப்பம் அதுதான்.

டெல்லி அணியின் முறை வந்தபோது, கோப்பையை வென்ற கேப்டன், அதுவும் டெல்லிக்காரப் பையன், காத்திருந்தார். பெயர் விராட் கோலி. டெல்லி அவரை எடுக்கவில்லை. பிரதீப் சங்வான் என்ற இடது கை வேகப்பந்து வீச்சாளரை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார்.

இன்றைக்கு இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு டெல்லியின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஷேவாக், கம்பீர், ஷிகர் தவன், டிவில்லியர்ஸ், தில்ஷன். மட்டை பிடிக்க ஆள் வழிந்தது. உள்ளூர் வேகப்பந்து வீச்சாளர்தான் தேவை. சங்வானும் டெல்லிப் பையன்தான், அந்த சீசனில் டெல்லி ரஞ்சிக் கோப்பை வாங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. பேக்கரித் தம்பி அன்றைக்கு டெல்லி அணியின் மேஜையில் உட்கார்ந்திருந்தால் சங்வானைத்தான் எடுத்திருப்பார்.

அது மட்டுமா? 2008 சீசன் முடிந்ததும் கணக்குப் பார்த்தால் டெல்லி அரையிறுதிவரை போயிருந்தது. பெங்களூருக்கு எட்டில் ஏழாவது இடம். கோலி 13 ஆட்டங்களில் 165 ரன், சராசரி 15. அந்த ஜூன் மாதம் இந்தப் பத்தியை எழுதியிருந்தால் டெல்லியின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டித்தான் எழுதியிருக்க வேண்டும்.

எண்ணிக்கையை நம்புகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. அந்த உலகக் கோப்பையில் அதிக ரன் அடித்தவர் கோலி இல்லை. தன்மய் ஸ்ரீவத்ஸவா, 262 ரன். கோலி 235. ஸ்கோர் புத்தகத்தை மட்டும் பார்த்து எடுப்பதென்றால் தன்மயைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். பஞ்சாப் எடுத்தது. ஐ.பி.எல்.லில் சில ஆட்டங்களோடு அவர் கதை முடிந்தது. 2025 ஐ.பி.எல்.லில் திரும்பவும் மைதானத்துக்கு வந்தார், அம்பயராக. கௌரவமான வேலைதான். ஆனால் 19 வயதில் எந்தப் பையனும் அம்பயர் ஆகும் கனவோடு மட்டையைத் தூக்குவதில்லை.

அதே கூட்டத்திலிருந்து ராஜஸ்தான் எடுத்த பையனின் பெயர் ரவீந்திர ஜடேஜா. அந்த முதல் சீசனில் கோப்பையும் வாங்கினார்கள். அப்புறம் அவர் சென்னைக்கு வந்து நம்மவரே ஆகிவிட்டதும், 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனைக் கொடுத்து ராஜஸ்தான் அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் தனிக் கதை.

கோலியை விட்டதுதான் டெல்லியின் பிழையா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெல்லி அவரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஷேவாக், கம்பீர், தவன், டிவில்லியர்ஸ் என்று வரிசையாக நிற்கும்போது, சராசரி 15 வைத்திருக்கும் பையனுக்கு 13 ஆட்டம் யார் கொடுத்திருப்பார்கள்? மூன்றாவது ஆட்டத்திலேயே தண்ணீர் பாட்டில் தூக்க அனுப்பியிருப்பார்கள். பெங்களூர் கோலியை எடுத்தது ஒரு நாள் வேலை. அவர் சோபிக்காதபோதும் களத்தில் இறக்கியதும், அடுத்த வருஷம் கையைவிட்டுப் போக விடாததும்தான் தேர்வு. அதற்குப் பிறகும் அந்த அணி முதல் கோப்பையைத் தொட 2025 ஜூன் 3 ஆயிற்று. பதினெட்டாவது சீசன். மிகச் சரியான ஆளை எடுத்த அணிக்கே இந்தக் கதி.

முதலில் யாரை எடுப்பது என்று விவாதிக்கிறவர்கள் பையனையே அளக்கிறார்கள். எத்தனை மீட்டர் சிக்ஸர், எத்தனை கிலோமீட்டர் வேகம், எத்தனை அடி உயரம். அவன் போகப்போகிற வீட்டை யாரும் அளப்பதில்லை. பெண் பார்க்கப் போகும்போது பெண்ணை மட்டும் பாட்டுப் பாடச் சொன்னார்களே அந்தக் காலத்தில், அந்த மாதிரி.

அமெரிக்கர்களின் மிகப் பிரசித்தமான 'முதலில் யார்' சண்டை 1998-ல் நடந்தது. பெய்டன் மானிங்கா, ரயன் லீஃபா? நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மானிங்கை எடுத்தது. சான் டியகோ சார்ஜர்ஸ் லீஃபை எடுத்தது. மானிங் இரண்டு அணிகளுக்கு சூப்பர் பௌல் வாங்கிக்கொடுத்தார். லீஃப் நாலே சீசனில் காணாமல் போனார். கோல்ட்ஸுக்கு என்ன தீர்க்கதரிசனம் என்று இன்னமும் வியக்கிறார்கள். மானிங்கின் முதல் வருஷத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எதிரணிக்காரன் கையில் 28 முறை பந்தை எறிந்தார். புதிதாக வந்தவர்களில் அது ஒரு மோசமான சாதனை. அணி 16 ஆட்டத்தில் 3-தான் ஜெயித்தது. நம் ஊராக இருந்தால் நாலாவது வாரமே 'மானிங்கைத் தூக்கு' என்று பானர் கட்டியிருப்பார்கள். கோல்ட்ஸ் அவரைப் பதினாறு ஆட்டமும் ஆட வைத்தது. அடுத்த வருஷம் 13 வெற்றி.

இதெல்லாம் சீமைக் கதை, நம்ம பக்கம் வாருங்கள் என்கிறீர்களா? வரலாம். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன். 2017 ஏலத்தில் 10 லட்சத்தில் ஆரம்பித்து 3 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. கொங்கு நாடே ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடியது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அத்துடன் கழற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அனுப்பிவிடாமல் வைத்திருந்தார்கள். 2020-ல் இறக்கினார்கள். 16 ஆட்டம், 16 விக்கெட், மட்டைக்காரன் கட்டைவிரலைக் குறிபார்த்து யார்க்கர். நெட் பௌலராக ஆஸ்திரேலியா போனவர் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமானார். அப்படி ஆன முதல் இந்தியர் அவர்தான். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா ஜெயித்த அந்த டெஸ்டில் அவரும் இருந்தார்.

பஞ்சாப் தேர்ந்தெடுத்த ஆள் சரி. கை சரி, பந்து சரி, விலைகூட சரிதான். பொறுமைதான் ஆறு ஆட்டத்தில் தீர்ந்துவிட்டது.

அதே அணி அடுத்து வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பரில் 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு, டி.என்.பி.எல்.லில் மதுரைக்காகப் பந்து போட்டுப் பெயர் வாங்கியவர். அந்த சீசனில் ஆடியது ஒரே ஆட்டம். அப்புறம் காயம். விடுவித்துவிட்டார்கள். கொல்கத்தா பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்கு எடுத்து வைத்துக்கொண்டது. 2024-ல் அவர்கள் கோப்பை வாங்கியபோது 21 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராஃபியை இந்தியா வென்றதிலும் வருணுக்குப் பெரிய பங்கு. இருவரையும் முதலில் கண்டெடுத்த பெருமை பஞ்சாபுக்கு. பலன் மட்டும் அடுத்த வீட்டுக்கு.

கோவைக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். டி.என்.பி.எல். 2016-ல் ஆரம்பித்தபோது டிராஃப்ட் முறைதான் இருந்தது. 2023-ல்தான் ஏலத்துக்கு மாறினார்கள். அந்த முதல் ஏலத்தில் கோவை கிங்ஸ் 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்து சாய் சுதர்சனை எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் அவருடைய விலை 20 லட்சம்! தேசத்தின் ஏலத்தைவிட மாநில ஏலத்தில் விலை அதிகம். பலர் கேலி செய்தார்கள். ஆனால் கோவைக்கு அவர் புது ஆள் இல்லை. 2021-லேயே அவர்களுக்காக வரிசையாக ஆட்டம் கிடைத்து ஆடியவர், அவர்கள் கண்ணால் பார்த்த பையன். அந்த வருஷம் மே மாதம் ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. ஜூலையில் கோவைக்கு டி.என்.பி.எல். கோப்பை. 2025 ஐ.பி.எல்.லில் எல்லோரையும்விட அதிகமாக 759 ரன். அதே ஜூனில் லீட்ஸில் டெஸ்ட் தொப்பி.

கபடியிலும் இதேதான். தமிழ் தலைவாஸ் 2022 ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம் கொட்டி பவன் ஷெராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் காயம், சீசனே போயிற்று. அவ்வளவுதான், இந்த வருஷமும் ஊற்றிக்கொண்டது என்று எல்லோரும் டீவியை அணைக்கப் போனபோது, யாரும் விவாதிக்காத நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டு போக ஆரம்பித்தார். முதல் சீசனிலேயே 243 ரெய்டு பாயின்ட். அந்த அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போயிற்று. பவன் நன்றாக இருந்திருந்தால் நரேந்தருக்கு அத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா? எத்தனை நரேந்தர்கள் எத்தனை பெஞ்சுகளில் உட்கார்ந்தபடியே வயசாகிப் போனார்களோ!

'அணி என்ன தர்ம சத்திரமா? ஜெயித்தாக வேண்டாமா?' என்று கேட்பீர்கள். ஜெயிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஐ.பி.எல். அணியில் 25 பேர்வரை இருக்கலாம். களத்தில் 11 பேர், மாற்று ஆளாக ஒருவர். மிச்சம் 13 பேரில் சின்னப் பையன்களும் உண்டு. ஆட்டம் தரமுடியாது என்று தெரிந்தே, எதிரி எடுத்துவிடக் கூடாதே என்று எடுத்து வைத்துக்கொள்வது வியாபாரமாக இருக்கலாம், அதைத் தேர்வு என்று சொல்லாதீர்கள். அந்தப் பையனுக்கு 19 வயது ஒரே ஒரு வருஷம்தான் இருக்கும்.

நம் கிராமத்து விளையாட்டில் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். உத்தி பிரிப்பது. நாற்பது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் சம பலமுள்ளவர்களாக இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு, தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தன் சூரியன், ஒருத்தன் சந்திரன். தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்து நிற்க, தலைவன் சூரியன் வேண்டும் என்பான். சூரியன் இந்தப் பக்கம், சந்திரன் அந்தப் பக்கம். பெர்ட் பெல் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த சமநிலையை நம் பையன்கள் அரை நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், அதில் முதல் ஆளும் கிடையாது, கடைசி ஆளும் கிடையாது. 'இவன் யாருக்கும் வேண்டாம்' என்று ஒரு பையன் தனியாக நின்றுகொண்டிருக்க மாட்டான்.

2025 டிசம்பர் ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,300-க்கும் மேல். இருந்த இடம் 77. இது உத்தி பிரிக்கிற இடமில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஏலத்துக்கு முந்தைய தேர்வுகளைப் பற்றி நாம் கொஞ்சமாவது பேச வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்திலேயே ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வெளியே போகிறவர்கள் ஏதோ ஓர் ஊரில் பி.டி. மாஸ்டர் ஆகிறார்கள். கணக்கு வாத்தியார் கடன் கேட்காத நாளில் பீரியடை நடத்தி, கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி ஓடுகிறான் என்று கண்டுபிடித்து, அவன் அப்பாவிடம் போய்ப் பேசி, டோர்னமென்ட்டுக்கு பஸ் சார்ஜும் கொடுத்து அனுப்புகிறார்களே, டிராஃப்ட் என்றால் அதுதான் முதல் டிராஃப்ட். அதற்கு எந்தச் சேனலிலும் நேரடி ஒளிபரப்பு கிடையாது. நடராஜனின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஜே.பி. என்பது, சின்னப்பம்பட்டியில் அவரைக் கண்டெடுத்துக் கைதூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷ். 3 கோடி கொடுத்த அணியின் பெயரை அவர் முதுகில் எழுதிக்கொள்ளவில்லை.

சென்னை எடுத்த அந்த இரண்டு பையன்களில் யார் முதல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கோலி விஷயத்தில் முழுக் கணக்கும் தெரியப் பதினெட்டு சீசன் ஆயிற்று. ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஏலத்தின்போது எந்தச் சேனலாவது, கோடிகளின் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் போடட்டும். இந்த அணி கடந்த ஐந்து வருஷத்தில் எடுத்த இருபது வயதுப் பையன்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஐந்து ஆட்டமாவது கிடைத்தது, முதல் இரண்டு ஆட்டம் சொதப்பியவனுக்கு மூன்றாவது கிடைத்ததா? அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்புறம் பேசலாம், முதலில் யாரை எடுப்பது என்று.